மலை ஓடையில் வெள்ளக் கண்காணிப்பு நிலையம்: நிமிஷத்தை எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்

மதுரைக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் வைகைதான் நினைவுக்கு வரும். வைகை அணையில் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது, முழு உயரம் 71 அடி. ஷட்டரைத் திறந்த பிறகும் தண்ணீர் யானைக்கல் தரைப்பாலத்துக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும், அதற்குள் தடுப்பு வைத்து ஆட்களை விலக்கிவிடலாம். மலை ஓடையில் இந்த அவகாசம் எதுவும் கிடையாது. கீழே சாப்டூரிலோ வத்திராயிருப்பிலோ சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே முகட்டில் மட்டும் ஒரு கருமேகம் நிற்கும், காலையில் கணுக்கால் நனைய நடந்து கடந்த ஓடை மாலையில் ஆளையே இழுத்துக்கொண்டு போகும்.

2015 மே மாதம் சதுரகிரியில் சாமி கும்பிடப் போனவர்கள் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த தண்ணீர் ஒரு பதின்வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. இரண்டுமே மே மாதம் என்பதைக் கவனியுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எல்லாரும் உஷாராக இருப்பார்கள். கோடை மழைதான் யாரும் எதிர்பாராத நேரத்தில் ஆளைப் பிடிக்கிறது.

மேலே ஓடையில் தண்ணீர் ஏறுவதை அளந்து கீழே சங்கு (சைரன்) ஊதி எச்சரிக்கும் நிலையம் ஒன்றை அமைப்பது எப்படி என்று, இப்படிப்பட்ட ஓடையின் கரையில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஊர் இளைஞர் குழு, பாலிடெக்னிக் மாணவர்கள், அடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிற விவசாயிகள், இப்படி யார் வேண்டுமானாலும் செய்யலாம். எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் தெரிந்த ஒருவர், வெல்டிங் தெரிந்த ஒருவர், மலை தெரிந்த இருவர் போதும்.

முதலில் நிமிஷக் கணக்கு

எந்த சென்சார் வாங்கலாம் என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் எல்லாரும் தொடங்குகிறார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். ஆட்கள் ஓடையைக் கடக்கிற இடம் எது, குளிக்கிற இடம் எது, அங்கிருந்து வயசானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் மேட்டுக்கு ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும், இதை முதலில் நேரில் நடந்து கணக்கெடுங்கள். ஐந்து நிமிஷம் என்று வந்தால் ஐந்து நிமிஷம். அந்த எண்தான் நீங்கள் அமைக்கப்போகிற நிலையத்தின் அஸ்திவாரம்.

அப்புறம் மேலேயிருந்து கணக்குப் போடுங்கள். செங்குத்தான காட்டோடையில் வெள்ளம் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் 3 மீட்டர் என்று எடுத்தால், ஆட்கள் கடக்கும் இடத்துக்கு மேலே 3 கிலோமீட்டர் தூரத்தில் நிலையம் இருந்தால் 1000 நொடி, அதாவது பதினாறு பதினேழு நிமிஷம் கையில் இருக்கும். இதில் கழிக்க வேண்டியவை உண்டு. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அளக்கிறோம், ஒரு அளவை மட்டும் நம்பாமல் இரண்டாவதையும் பார்க்கிறோம் என்றால் நாலு நிமிஷம் போச்சு. செய்தி கீழே வந்து சங்கு ஊத ஒரு நிமிஷம். மிச்சம் பதினோரு நிமிஷம். ஐந்து நிமிஷம் மேடேறப் போதும், கொஞ்சம் தாராளமும் இருக்கிறது. இதையே பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளக்கும்படி வைத்தால், பேட்டரி மிச்சமாகும், ஆனால் செய்தி வரும்போது வெள்ளமும் கூடவே வந்துவிடும். நிலையத்தை ஓடையைக் கடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, போய்வரச் சௌகரியம் என்று வைத்துவிட்டாலும் இதே கதைதான். வெள்ளத்தைப் படம்பிடித்த திருப்தி மட்டும் மிஞ்சும்.

சின்ன மலைதானே, அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். உங்கள் ஓடைக்கு மேலே 8 சதுர கிலோமீட்டர் மலை தண்ணீர் தருகிறது, ஒரு மணி நேரத்தில் 40 மி.மீ. கொட்டுகிறது என்றால் 32 கோடி லிட்டர். பாறை மலை, பாதி மண்ணுக்குள் போனாலும் மிச்சப் பாதி அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே சந்து வழியாக இறங்கினால் நொடிக்கு ஏறக்குறைய 44,000 லிட்டர். ஊர்க் கூட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், அதற்குப் பிறகு எதற்கு இதெல்லாம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அனுமதியும் மலை தெரிந்தவர்களும்

சாப்டூர், வாழைத்தோப்பு, தாணிப்பாறை பக்கத்து மலை 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. சிறுமலை, அழகர்மலை பக்கமும் காப்புக்காடுகள்தான். வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு ஆணி அடிக்கக்கூடாது, உள்ளே போவதே குற்றம். வனச்சரக அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள். என்ன வைக்கப்போகிறோம், எவ்வளவு பெரிசு, பாறையில் எத்தனை துளை, மரத்தைத் தொடமாட்டோம், யார் யார் எப்போது வருவார்கள், எல்லாவற்றையும் ஒரே தாளில் படத்தோடு கொடுங்கள். நகல் கலெக்டர் அலுவலகப் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு. ஊராட்சித் தீர்மானமும் கூட இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். ஆகிற காலம் ஆகட்டும். அதற்குள் கீழே உள்ள வேலைகளை முடிக்கலாம்.

மலைக்குள் யாரை அழைத்துப்போவது என்பதில் யோசிக்கவே வேண்டாம், அங்கே இருக்கிற பளியர் குடும்பங்களைக் கேளுங்கள். எந்த ஓடை முதலில் பொங்கும், எது பொங்கினால் கீழே ஆபத்து, போன பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பாறை வரை வந்தது, எங்கே யானைத் தடம், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் நிறம் மாறுவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, கல் உருளும் சத்தம், இவற்றை வைத்து அவர்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எச்சரிக்கை அளவு வைக்கும்போது கைகொடுக்கும். வழிகாட்ட வருபவர்களுக்கும், பிறகு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிற இளைஞருக்கும் முறையான சம்பளம் பேசிக் கொடுங்கள். திட்டச் செலவில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

இடம் பார்ப்பது

ஓடை கொஞ்ச தூரமாவது நேராக ஓடுகிற இடம் வேண்டும். வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி அடிக்கும், அருவிக்குக் கீழே உள்ள கசத்தில் அலை அடங்காது, இரண்டும் வேண்டாம். மணல் படுகையும் வேண்டாம், ஒரு வெள்ளத்தில் அது அரித்துக்கொண்டு போகும், நீங்கள் அளந்து வைத்த அடிமட்டம் மாறிவிடும். இரண்டு பக்கமும் நல்ல கரும்பாறை, அடியும் பாறை, தண்ணீர் ஒரே வாய்க்கால் மாதிரி ஒடுங்கி ஓடுகிற இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். ஒடுங்கின இடத்தில் மட்டம் சட்டென்று ஏறும், அளக்கவும் எளிது.

பழைய வெள்ளத்தின் அடையாளத்தைத் தேடுங்கள். மரக்கிளையில் சிக்கிய சருகு, பாறைச் சந்தில் செருகிய கட்டை, பாறையில் பாசி நிற்கிற கோடு. அவற்றில் எது உயரமோ அதற்கும் மேலே குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் பேட்டரியும் போர்டும் உள்ள பெட்டி இருக்கவேண்டும். பெட்டி மூழ்கினால் கருவி போனது மட்டுமல்ல, அன்றைக்குத் தேவைப்பட்ட எச்சரிக்கையும் போனது.

கம்பம் நட கான்கிரீட் போடலாம் என்று நினைக்காதீர்கள். சிமென்ட் மூட்டையையும் ஜல்லியையும் தலைச்சுமையாக மேலே கொண்டுபோவது பெரும்பாடு. பேட்டரி டிரில்லில் பாறையைத் துளைத்து, துளையில் உள்ள தூசியை நன்றாக ஊதி எடுத்துவிட்டு, எபாக்சி பசை ஊற்றி ஸ்டெயின்லெஸ் ஆங்கர் போல்ட் இறக்கினால் போதும். அதில் ஜிஐ குழாயால் ஒரு கை செய்து தண்ணீருக்கு மேலே நீட்டுங்கள். இதை ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம், போல்ட்டால் இணைக்கிற மாதிரி இரண்டு துண்டாகச் செய்தால் தூக்கிப் போகச் சுலபம். கை கரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலாவது நீண்டிருக்கவேண்டும், ஏனென்றால் நாம் வைக்கப்போகிற அல்ட்ராசோனிக் சென்சார் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தண்ணீர் வரை உள்ள தூரத்தை அளக்கும்; அந்த ஒலி கூம்பு மாதிரி விரிந்து போகிறது, கரைப்பாறை பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து திரும்புகிற எதிரொலியைத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும்.

மட்டம் அளக்கும் கருவி

மூன்று வழி இருக்கிறது. தண்ணீருக்குள் போடும் அழுத்த சென்சார் நன்றாக அளக்கும், ஆனால் காட்டோடையில் உருண்டு வருகிற கல் அதை நொறுக்கிவிடும், மண் மூடிவிடும். ராடார் சென்சார்தான் இருப்பதிலேயே நம்பகமானது, காற்றின் வெப்பம் அதைப் பாதிக்காது, ஆனால் விலை ஒரு ஊர்க் குழுவால் தாங்கக்கூடியதாக இருக்காது. மிச்சம் இருப்பது அல்ட்ராசோனிக். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி, அல்லது கொஞ்சம் கூடுதல் விலையில் ஏ02ஒய்ஒய்யுடபிள்யூ. இரண்டாவது 3.3 வோல்ட்டிலேயே ஓடும், அளந்த தூரத்தையும் நேராக எண்ணாகவே (சீரியல் முறையில்) தரும் என்பதால் என் ஓட்டு அதற்கு. ஜேஎஸ்என் வாங்கினால் 5 வோல்ட்டில் ஓடும்போது அதன் எக்கோ காலை (எதிரொலிக் குறி வெளிவரும் கம்பி) அளவைப் படிக்கிற 3.3 வோல்ட் சிறு கணினிப் போர்டில் நேராகச் செருகாதீர்கள், இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துக் கொடுங்கள். இரண்டுமே நாலரை மீட்டர் வரை அளக்கும் என்று தாளில் போட்டிருக்கும். கொந்தளிக்கிற தண்ணீரில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம், மூன்றரை மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜேஎஸ்என்னுக்கு மிகப் பக்கத்தில், கால் மீட்டருக்குள், கண் தெரியாது என்பதையும் சேர்த்தே உயரத்தை முடிவு செய்யுங்கள். அதாவது வெள்ளத்தின் உச்சத்திலும் தண்ணீர் சென்சாரைத் தொட்டுவிடக்கூடாது. உச்ச வெள்ளம் அதைவிட உயரம் என்றால் சென்சாரை ஆழமான நடுப்பகுதிக்கு மேலே வைக்காமல், எச்சரிக்கை மட்டம் தொடங்குகிற பாறைத் திட்டுக்கு மேலே வைக்கலாம். வறண்ட காலத்து மட்டம் தெரியாமல் போகும். போகட்டும், நமக்கு வேண்டியது ஆபத்து மட்டம்.

இங்கே பலரும் கோட்டை விடுகிற ஒரு சங்கதி உண்டு, வெப்பம். ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் 355 மீட்டர். மூன்று மீட்டர் தூரத்தில் இந்த வித்தியாசம் 10 செ.மீ. பிழையாக வந்து நிற்கும். மத்தியான வெயிலில் காய்ந்த பாறை, அடுத்த கால் மணியில் சில்லென்று மழைக்காற்று, சரியாக எச்சரிக்கை தேவைப்படுகிற நேரத்தில்தான் இந்த மாற்றம் நடக்கும். டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் ஒன்றை நிழலில், சென்சார் பக்கத்திலேயே கட்டுங்கள். 331.3-உடன் வெப்பத்தை 0.606-ஆல் பெருக்கிக் கூட்டினால் அந்த நேரத்து ஒலி வேகம் கிடைக்கும். ஜேஎஸ்என் மாதிரி எதிரொலி நேரத்தைத் தருகிற சென்சார் என்றால் இதை வைத்தே தூரத்தைக் கணக்கிடுங்கள். தூரத்தையே தருகிற சென்சார் என்றால், வெப்பம் தெரிந்த ஒரு நாளில் டேப்பால் அளந்து பார்த்துத் திருத்துங்கள்.

ஒவ்வொரு முறையும் பதினைந்து அளவு எடுத்து, வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், ஒரு பறவையோ இலையோ குறுக்கே வந்தால் சராசரி கெட்டுப்போகும், நடு எண் கெடாது.

இவ்வளவு கருவி வைத்தாலும் எதிர்ப் பாறையில் பெயின்டால் அளவுகோல் போட மறக்காதீர்கள். பத்து செ.மீ.க்கு ஒரு கோடு, அரை மீட்டருக்கு ஒரு எண். பாறையில் வரைய வனத்துறை ஒப்பவில்லை என்றால் எனாமல் தகடு பொருத்தலாம். கருவி சொல்வது சரியா என்று கண்ணால் பார்க்க அது ஒன்றுதான் வழி.

மழைமானி

ஓடை மட்டத்தை அளக்கும்போது தண்ணீர் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. முகட்டில் ஒரு மழைமானி வைத்தால் அதற்கும் முன்னாலேயே தெரியும், ஓடையைப் பொறுத்து இருபது நிமிஷம், அரை மணி கூடுதலாகக் கிடைக்கும். கவிழ்வாளி வகை மழைமானி வாங்குங்கள், உள்ளே சின்ன வாளி ஒன்று நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு முறையும் காந்தத்தால் இயங்கும் ரீட் ஸ்விட்ச் ஒரு தடவை தட்டும், அந்தத் தட்டை எண்ணுவதுதான் வேலை. 20 செ.மீ. வாய் உள்ள புனலில் ஒரு தட்டு 0.2 மி.மீ. என்றால் அது 6.28 மில்லி தண்ணீர். சரிபார்க்க ஒரு எளிய வழி: மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றும் ட்ரிப் செட் வாங்கி, 628 மில்லி தண்ணீரை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நூறு தட்டு வரவேண்டும். தொண்ணூறு வந்தால் உள்ளே இருக்கிற திருகை மாற்றுங்கள், அல்லது கணக்கில் திருத்துங்கள்.

மரத்தடியில் வைத்தால் மழை நின்ற பிறகும் சொட்டும், பெய்யும்போது குறைவாகக் காட்டும். திறந்த பாறைத் திட்டு தேடுங்கள். புனல் வாயில் கம்பி வலை போடுங்கள். குளவி, எறும்பு இரண்டும் உள்ளே கூடு கட்டும், கட்டினால் வாளி கவிழாது, மழையே இல்லை என்று காட்டிக்கொண்டிருக்கும்.

மின்சாரம்

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலையம் சராசரியாக 5 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்றால் நாளுக்கு 120 மில்லி ஆம்பியர் மணி. 6000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு உள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் எடுக்கலாம் என்றால் 40 நாள் வெயிலே இல்லாமல் ஓடும். கார்த்திகை மாதத்து மேகத்துக்கும் பள்ளத்தாக்கு நிழலுக்கும் இவ்வளவு கைவசம் வேண்டும். 5 வாட் சோலார் பலகை போதும். பலகையைத் தெற்கு பார்த்து வையுங்கள். நம் ஊர் அட்சரேகைக்கு 10 டிகிரி சாய்வு போதும் என்றாலும் 25, 30 டிகிரி சாய்த்துவிடுங்கள், சருகும் பறவை எச்சமும் மழையில் வழுக்கி விழுந்துவிடும். சிறு கணினிப் போர்டாக இஎஸ்பி32 வாங்கினால், அதன் டெவலப்மென்ட் போர்டு அளக்காமல் உறங்கும் நேரத்திலும் மின்சாரம் தின்னும், எல்இடி எரிந்துகொண்டே இருக்கும், உறக்க மின்சாரத்தை மீட்டரில் அளந்து பார்த்துவிட்டு மேலே கொண்டுபோங்கள். சாதாரண 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ ப்ரோ மினியே இந்த வேலைக்குத் தாராளம்.

செய்தி கீழே வருவது

மலைக்குள் செல்போன் டவர் கிடைக்காது, கிடைத்தாலும் மழையில் நம்ப முடியாது. குறைந்த மின்சாரத்தில் சின்னச் செய்தியைத் தூரத்துக்கு அனுப்பும் லோரா ரேடியோ போடுங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், ஆகவே அந்த அலைவரிசைக்கான எஸ்எக்ஸ்1276 அல்லது எஸ்எக்ஸ்1262 மாட்யூல் என்று கேட்டு வாங்குங்கள். 433, 915 என்று எழுதியிருந்தால் வேண்டாம். கால் அலை ஆன்டெனா நீளம் 8.6 செ.மீ., அதைச் செருகாமல் ஒருபோதும் அனுப்பிப் பார்க்காதீர்கள், மாட்யூல் கருகும்.

லோரா பல கிலோமீட்டர் போகும் என்பது கண்ணுக்குக் கண் தெரிகிற இடத்தில்தான். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஒரு மடிப்பு மலை குறுக்கே வந்தால் ஒன்றும் போகாது. அதனால் ஓடையும் ஊரும் இரண்டும் தெரிகிற முகடு ஒன்றில் இன்னொரு லோரா பெட்டி வைத்து வாங்கி அனுப்பச் செய்யவேண்டும். மழைமானியும் அங்கேதான் இருக்கப்போகிறது என்பதால் ஒரே பெட்டியில் இரண்டு வேலையும் முடியும். ஆனால் ஒன்று, இது கீழே இருந்து வருகிற செய்திக்காக எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அதனால் ஓடைப் பெட்டியைவிட நாலைந்து மடங்கு மின்சாரம் தின்னும், பலகையும் பேட்டரியும் அதற்கேற்பப் பெரிதாக இருக்கட்டும். முகடு என்பதால் இடி விழும். உயரமான ஒற்றை மரத்தடியையும் உச்சிப் பாறையையும் தவிர்த்து, கொஞ்சம் இறங்கி வையுங்கள்.

மேலிருந்து வரும் செய்தியை ஊரில் வாங்குகிற அடிநிலையம் கோயில் அலுவலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ இருக்கட்டும். மழை வந்தால் முதலில் கரன்ட் போகும், ஆகவே 12 வோல்ட் பேட்டரி கட்டாயம். போனுக்குச் செய்தி அனுப்ப 4ஜி மாட்யூல் ஏ7670சி போடுங்கள். பழைய சிம்800 மாட்யூல் மலிவுதான், ஆனால் அது 2ஜி, ஜியோ சிம் அதில் வேலையே செய்யாது. உங்கள் ஊரில் மழை நாளில் எந்த டவர் கடைசி வரை நிற்கிறது என்று ஊர்க்காரர்களிடமே கேட்டு அந்த சிம்மைப் போடுங்கள்.

பெட்டியும் காட்டு உயிர்களும்

தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரப் பெட்டி, கேபிள்கள் எல்லாம் அடிப்பக்கமாக உள்ளே போகட்டும், உள்ளே போவதற்கு முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள், மழைநீர் கேபிள் வழியே ஓடிவந்து அங்கே சொட்டிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே. குரங்கு தொங்குகிற எந்த வயரையும் இழுத்துப் பார்க்கும், வெளியே ஒரு விரல் நீளம்கூடத் தெரியாமல் எல்லாவற்றையும் ஜிஐ குழாய்க்குள் விடுங்கள். பளபளப்பான நிறம் வேண்டாம், பாறை நிறப் பெயின்ட் அடியுங்கள். யானைத் தடத்தில் எதையும் வைக்கக்கூடாது, சிறுமலை பக்கம் என்றால் காட்டுமாடு உரசிக்கொள்ளும் என்பதால் எட்டாத உயரத்தில் வையுங்கள். சென்சார் வாயில் சிலந்தி வலை கட்டினால் அளவு ஒரே எண்ணில் உறைந்து நிற்கும். அப்படி நெடுநேரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாத அளவு வந்தால் அதையும் பழுது என்று அடிநிலையம் சொல்லும்படி புரோகிராமில் எழுதிவிடுங்கள்.

எச்சரிக்கை அளவு வைப்பது

மட்டம் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது முக்கியம். அரை மீட்டர் தண்ணீர் நாள் முழுக்க ஓடினால் அது மழைக்கால ஓடை. பத்து நிமிஷத்தில் 30 செ.மீ. ஏறினால் பின்னால் வெள்ளம் வருகிறது. ஆகவே மூன்று விதி எழுதுங்கள். முகட்டில் அரை மணி நேரத்தில் 20 மி.மீ., அதாவது நூறு தட்டு, வந்தால் மஞ்சள்: பொறுப்பாளர்களுக்குப் போன், ஓடைக்குள் புதிதாக யாரும் இறங்கக்கூடாது. பத்து நிமிஷத்தில் 30 செ.மீ. ஏறினாலோ, ஊர்ப் பெரியவர்கள் காட்டிய ஆபத்துப் பாறையைத் தண்ணீர் தொட்டாலோ சிவப்பு: யாரையும் கேட்காமல் சங்கு தானாக ஊதட்டும். இந்த எண்கள் தொடங்குவதற்குத்தான். முதல் மழைக்காலம் முழுக்க எழுதி வைத்து, உங்கள் ஓடைக்கு ஏற்ப மாற்றுங்கள்.

மூன்றாவது விதியைப் பெரும்பாலும் யாரும் வைப்பதில்லை: மழை பெய்துகொண்டிருக்கும்போது தண்ணீர் சட்டென்று குறைந்தால் அதுவும் சிவப்பு. மேலே மரமோ மண்சரிவோ குறுக்கே விழுந்து தண்ணீரைத் தேக்கியிருக்கலாம், உடைந்தால் மொத்தமாக வரும். தண்ணீர் வற்றிவிட்டது என்று ஆட்கள் இறங்கிக் கடக்கப் பார்க்கிற நேரமும் அதுதான்.

அதே மாதிரி நிலையத்தின் மௌனமும் ஒரு செய்தி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஒன்றும் நடக்காவிட்டாலும், "இருக்கிறேன்" என்று ஒரு செய்தி வரவேண்டும். மழை நேரத்தில் மூன்று செய்தி தொடர்ந்து வரவில்லை என்றால் மஞ்சள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழுதாக இருக்கலாம், நிலையத்தையே வெள்ளம் கொண்டுபோயிருக்கலாம். இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

சங்கும் ஆட்களும்

12 வோல்ட் மோட்டார் சங்கை ஓடை கடக்கும் இடத்திலேயே கட்டுங்கள். ஒரு கிலோமீட்டர் கேட்கும் என்று கடையில் சொல்வார்கள். ஓடை இரைச்சலிலும் மழையிலும் எவ்வளவு கேட்கிறது என்று மழை நாளில், மேட்டில் பத்திரமான இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். கூடவே ஒரு சிவப்புச் சுழல் விளக்கு, காது கேட்காதவர்களுக்கும் தெரியும். சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஏறவேண்டும் என்று அம்புக்குறி போட்ட பலகை அந்த இடத்தில் தமிழில் பெரிசாக இருக்கட்டும். இரண்டு கரையிலும் வேண்டும், ஏனென்றால் எதிர்க்கரையில் இருப்பவர் தன் கூட்டத்தோடு சேர ஓடைக்குள் ஓடிவருவார். "எந்தக் கரையில் நிற்கிறீர்களோ அந்தக் கரையிலேயே மேலே ஏறுங்கள்" என்பதைத்தான் முதல் வரியாக எழுதவேண்டும்.

பொறுப்பாளர்கள் மூன்று பேராவது இருக்கட்டும், ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருப்பார், இன்னொருவர் போன் சார்ஜ் தீர்ந்திருக்கும். மஞ்சள் செய்தி வந்ததும் யார் வனத்துறைக்குச் சொல்வது, யார் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்வது, யார் கோயில் மைக்கில் சொல்வது என்று பெயர் போட்டு எழுதி அடிநிலையச் சுவரில் ஒட்டுங்கள். ஆடி அமாவாசை மாதிரி கூட்டம் கூடும் நாட்களில் ஓடைக்கரையில் ஒரு ஆள் நேரிலேயே நிற்கவேண்டும், எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும்.

சிவப்பு நிஜமாக வருவதற்கு முன்னால் ஒத்திகை பாருங்கள். மேலே ஒருவர் சென்சாருக்கு அடியில் பலகையை நீட்டிப் பிடித்தால் தண்ணீர் ஏறினதாகக் கருவி நினைக்கும். அந்த நொடியிலிருந்து ஓடைக்குள் நிற்கிற கடைசி ஆள் மேடேறும் வரை கடிகாரத்தில் நேரம் பாருங்கள். நீங்கள் தாளில் போட்ட பதினோரு நிமிஷக் கணக்கோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் நிலையத்தை இன்னும் மேலே தள்ளுங்கள், அல்லது அளக்கும் இடைவெளியைக் குறையுங்கள்.

பராமரிப்பு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வேண்டும். பங்குனியில், கோடை மழைக்கு முன்னால் ஒருமுறை. புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறை. பலகையைத் துடைப்பது, மழைமானியை ட்ரிப் செட் வைத்துச் சரிபார்ப்பது, சிலிக்கா ஜெல் மாற்றுவது, போல்ட் முடுக்குவது, டேப் வைத்துத் தண்ணீர் வரை அளந்து கருவி எண்ணோடு ஒப்பிடுவது. ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு நடை போய், சருகு ஒட்டிய உயரத்தைப் பாறையில் தேதியோடு குறித்துவிட்டு, அந்த நேரத்தில் கருவி என்ன காட்டியது, முகட்டில் எத்தனை தட்டு விழுந்தது, ஓடை கடக்கும் இடத்துக்குத் தண்ணீர் வர எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரே நோட்டில் எழுதுங்கள். நோட்டு அடிநிலையத்தில் இருக்கட்டும், ஒரு நகல் வனச்சரக அலுவலகத்திலும்.